அஃபர்மேஷன் ஆப், அட்டை, ஒலிப்பதிவு, குறிப்பேடு: பதற்றமான நேரத்தில் எது கைகொடுக்கும்?

தேர்வு, நேர்முகம், மேடைப் பேச்சு, அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள், வேலை நிலைக்குமா என்று தெரியாத மாதங்கள். இப்படிப்பட்ட நேரங்களில் தனக்குத் தானே தெம்பு சொல்லிக்கொள்ள (இதைத்தான் அஃபர்மேஷன் என்கிறார்கள்) உதவும் என்று நான்கு வகைப் பொருட்கள் விற்பனையில் இருக்கின்றன: தினமும் வாசகம் அனுப்பும் ஆப், வாசகம் அச்சிட்ட அட்டைக் கட்டு, தூங்கும்போது ஓடவிடும் ஒலிப்பதிவு, கேள்விகள் அச்சிட்ட குறிப்பேடு. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நல்ல குறிப்பேடு வாங்கத் தகுந்தது. ஆப், சொந்த வாக்கியம் எழுத இடம் தந்தால் மட்டும். அட்டைக் கட்டு, அதில் பாதியை ஒதுக்கிவைக்க மனம் வந்தால். தூக்க ஒலிப்பதிவு வேண்டாம்.

இந்த வரிசைக்குக் காரணம் ஒன்றுதான். நெஞ்சு படபடக்கும்போது உதவுகிற வாக்கியத்துக்கு இரண்டு குணம் வேண்டும். சொல்பவர் அந்த நிமிடத்திலும் அதை நம்ப முடிய வேண்டும். அடுத்து என்ன செய்வது என்பதையும் அது சொல்ல வேண்டும். விற்பனைக்கு வரும் வாசகங்களில் பெரும்பாலானவை எல்லோருக்கும் பொருந்த வேண்டும் என்று எழுதப்பட்டவை. அதனாலேயே அவை பெரிதாகவும் பொதுவாகவும் இருக்கின்றன. யாருடைய பதற்றத்தையும் நேராகத் தொடுவதில்லை.

பெரிய வாக்கியம் ஏன் எதிர்வேலை செய்கிறது

2009-இல் ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் ஒரு சோதனை நடத்தினார்கள். பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினர், தாங்கள் அன்புக்குரியவர்கள் என்ற பொருள்படும் வாக்கியத்தை மணியோசை கேட்கும்போதெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே தன்மதிப்பு உயர்ந்திருந்தவர்களுக்கு அதனால் சற்றே பலன் தெரிந்தது. தன்மதிப்பு குறைந்தவர்களோ, அதைச் சொல்லாத அதே வகையினரைவிட மோசமாக உணர்ந்தார்கள். மருந்து யாருக்குத் தேவையோ அவருக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை என்பதுதான் இந்த முடிவின் கனம்.

இது ஏன் நடக்கிறது என்று புரிந்துகொள்வது கடினமல்ல. மனம் நம்பாத ஒன்றை வாய் சொன்னால், மனம் உடனே மறுப்புக்கான சாட்சிகளைத் தேட ஆரம்பிக்கிறது. "நான் எதையும் சாதிப்பேன்" என்று சொன்னதும், போன வருடம் கைவிட்டுப் போன வேலை, பாதியில் நின்ற படிப்பு, நேற்று முடிக்காத அறிக்கை எல்லாம் வரிசையாக முன்னால் வந்து நிற்கும். தெம்புக்காகச் சொன்ன வாக்கியமே தோல்விகளை எண்ணிப் பார்க்கும் வேலையாக மாறிவிடுகிறது.

ஆகவே எந்தப் பொருளை வாங்கினாலும் ஒவ்வொரு வாசகத்துக்கும் 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் போடுங்கள். "இதை இப்போது எவ்வளவு நம்புகிறேன்?" என்பது மட்டும்தான் கேள்வி. 7-க்குக் கீழே வந்தால் அந்த வாக்கியத்தைச் சிறிதாக்க வேண்டும். 7 என்பது நடைமுறைக்காக வைத்த கோடு, ஆய்வக அளவு அல்ல. சிறிதாக்குவது இப்படி: "இந்தத் தேர்வில் நான் வெல்வேன்" என்பதற்கு 3 விழுகிறதா? "இந்தப் பாடத்தில் நான்கு அத்தியாயம் எனக்கு நன்றாகத் தெரியும்" என்று மாற்றுங்கள். அது 8 ஆகலாம். "தெரிந்த கேள்வியை முதலில் எழுதுவேன்" என்று சேர்த்தால் 9 வரைக்கும் போகும். வாக்கியம் சிறுத்தது, ஆனால் பிடிமானம் கூடிவிட்டது.

ஆப்: எதைப் பார்த்து வாங்குவது

முதல் கேள்வி, சொந்த வாக்கியம் சேர்க்க முடியுமா என்பது. பல ஆப்களில் இந்த வசதி உண்டு, ஆனால் சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் திறக்கும். இலவசமாகத் தருவது ஆயத்த வாசகங்களை மட்டும்தான் என்றால், அதன் பயனுள்ள பாதி பூட்டியிருக்கிறது என்று பொருள். அந்தப் பாதிக்காகச் சந்தா கட்டுவதற்கு முன், போனிலேயே இருக்கும் நினைவூட்டல் வசதியில் உங்கள் வாக்கியத்தை எழுதி நேரம் குறித்து வையுங்கள். பெரும்பாலோருக்கு அதுவே போதும்.

இரண்டாவது, நோட்டிஃபிகேஷன் நேரம். நிறுவியதும் பல ஆப்கள் ஒரு நாளைக்குப் பல முறை, தாங்களே தேர்ந்தெடுத்த நேரங்களில் வாசகம் அனுப்பத் தொடங்குகின்றன. சாலையைக் கடக்கும்போதும், கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் வந்து விழும். சில நாளில் கை பழகிப்போய், படிக்காமலே தள்ளிவிடும். அதற்குப் பிறகு அந்த ஆப் போனில் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். எண்ணிக்கையை நாளுக்கு 2 ஆகக் குறையுங்கள். ஒன்று, வழக்கமாகப் பதற்றம் தொடங்கும் நேரத்துக்குப் 10 நிமிடம் முன்பு. மற்றது இரவில், அந்த நாளைத் திரும்பிப் பார்க்க. பூட்டிய திரையில் வாசகம் தெரியாதபடி அமைப்பையும் மாற்றுங்கள். நம்முடைய பயத்தைப் பக்கத்து இருக்கைக்காரர் படிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, பெயர் சொல்லி அழைக்கும் வசதி. இதைப் பலரும் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். நான்கு வகைப் பொருட்களிலும் சேர்த்துப் பார்த்தால் மிகவும் பயனுள்ள சிறு அம்சம் இதுதான் என்பேன். ஈத்தன் க்ராஸ் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வுகளில், பேசுவதற்கு முன் தங்களை "நான்" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, தங்கள் பெயராலோ முன்னிலையிலோ அழைத்துக்கொண்டவர்கள் குறைவாகக் கலங்கினார்கள், மேலாகப் பேசினார்கள், பேசி முடித்த பிறகு அதையே நினைத்துக் குமைவதும் குறைந்தது. நெருங்கிய ஒருவருக்கு அறிவுரை சொல்லும் தூரம் கிடைப்பதால் இது நடக்கிறது. "எனக்கு ஏன் இவ்வளவு பயம்?" என்பது உள்ளே சுழற்றிவிடும். "மீனா, இதைப்போல ஒன்றை நீ ஏற்கெனவே செய்திருக்கிறாய், முதல் மூன்று வரியை மெதுவாகச் சொல்" என்பது வெளியே நின்று கையைப் பிடிக்கும். வீட்டில் எந்தப் பெயரால் கூப்பிடுவார்களோ அந்தப் பெயரே நல்லது. "நீங்கள்" போட்டு மரியாதையாக அழைத்துக்கொள்வது யாருக்கும் இயல்பாக வராது, "நீ"தான் ஒட்டும். ஆப் முன்னிலை வாக்கியங்களை ஏற்காமல் எல்லாவற்றையும் "நான்" என்றே தொடங்க வற்புறுத்தினால், அது பெரிய குறை.

நான்காவது, "இல்லை", "மாட்டேன்", "கூடாது" என்று முடியும் வாசகங்கள். "பயப்பட மாட்டேன்" என்று சொல்ல, முதலில் பயத்தை நினைத்தாக வேண்டும். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லி டேனியல் வெக்னர் 1987-இல் வெளியிட்ட சோதனையில், அடக்க முயன்றவர்களுக்கு அந்த நினைப்பு பிறகு இன்னும் அதிகமாகத் திரும்பியது. "கை நடுங்கக் கூடாது" என்பதற்குப் பதில் "கையை மேசை மேல் வை" என்று எழுதுங்கள்.

கடைசியாக, தொடர் நாள் கணக்கு. ஒரு நாள் விட்டால் எண் பூஜ்யத்துக்குப் போகும் வசதி இது. பதற்றத்தைக் குறைக்க வாங்கிய ஆப்பே புதிதாக ஒரு குற்ற உணர்ச்சியைக் கொடுக்கிறது. பழக்கம் உருவாவதைப் பற்றி ஃபிலிப்பா லாலி குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு முறை தவறவிட்டது பழக்கம் படிவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை. அந்தக் கணக்கை அணைத்துவிடுங்கள். அணைக்க முடியாவிட்டால் அந்த ஆப் வேண்டாம்.

அட்டைக் கட்டு

தாள் தடிமன், பெட்டி அழகு எல்லாம் பரிசுக்கு முக்கியம், பயனுக்கு அல்ல. பின்பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறதா, பேனா மை அதில் பிடிக்கிறதா என்று பாருங்கள். வழுவழுப்பாகப் பூச்சுப் போட்ட அட்டையில் எழுத்து அழிந்துவிடும்.

வாங்கியதும் அட்டைகளை மூன்றாகப் பிரியுங்கள். நம்பிக்கை மதிப்பெண் 7-ஓ அதற்கு மேலோ வருபவை ஒரு பக்கம். சிறிதாக்கினால் தேறக்கூடியவை இன்னொரு பக்கம். அவற்றின் பின்பக்கத்தில் உங்கள் வாக்கியத்தை எழுதுங்கள். மீதியைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுங்கள். இப்படிப் பிரித்த பிறகு கையில் ஐந்தாறு அட்டை மிஞ்சினாலே அது நல்ல கட்டு.

வாசகங்கள் ஊக்கம் தருபவையா, செய்முறை சொல்பவையா என்பதையும் கவனிக்க வேண்டும். விளையாட்டு வீரர்களின் சுயபேச்சைப் பற்றிய 32 ஆய்வுகளைச் சேர்த்து ஹாட்சிஜார்ஜியாடிஸ் குழு 2011-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், சுயபேச்சுக்குத் தெளிவான பலன் தெரிந்தது. நுணுக்கமான அசைவு தேவைப்படும் வேலைகளில் செய்முறை வாக்கியமே, அதாவது "பந்தைப் பார்", "மணிக்கட்டைத் தளர்த்து" போன்றவையே, கூடுதலாக உதவின. சந்தையில் இருக்கும் கட்டுகளில் செய்முறை அட்டை அபூர்வம். ஓட்டம், எடை தூக்குதல் போல வலிமையும் தாக்குப்பிடிப்பும் வேண்டிய இடத்தில் "விடாதே, இன்னும் கொஞ்சம்" என்பது பொருந்தும். ஊசி போடக் கற்கும் செவிலியருக்கும், ஓட்டுநர் தேர்வுக்குப் போகிறவருக்கும், வீணை வாசிக்கப் போகிறவருக்கும் அது போதாது.

"நான் அமைதியாக இருக்கிறேன்" என்ற அட்டை கிட்டத்தட்ட எல்லாக் கட்டிலும் இருக்கும். மேடைக்கு ஐந்து நிமிடம் முன்பு அதை எடுக்காதீர்கள். இதயம் வேகமாக அடித்துக்கொண்டிருக்கும்போது உடலே அந்த வாக்கியத்தை மறுக்கும். அலிசன் வுட் ப்ரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட சோதனைகளில், பாடுவதற்கும் பேசுவதற்கும் முன்னால் பதற்றத்தை "உற்சாகம்" என்று தங்களுக்கே சொல்லிக்கொண்டவர்கள், அமைதியடைய முயன்றவர்களைவிடச் சிறப்பாகச் செய்தார்கள். பதற்றமும் உற்சாகமும் உடலை ஒரே மாதிரிக் கிளறிவிடுகின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பெயரை மாற்றுவது எளிது. கிளர்ச்சியை முழுதாக அணைப்பது கடினம். "உடம்பு தயாராகிறது" என்று எழுதிய ஒரு அட்டையை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். அமைதி அட்டை இரவு படுக்கப் போகும்போது உதவும், அதற்காக வைத்துக்கொள்ளலாம்.

தூக்க ஒலிப்பதிவு

அலை ஓசைக்கு அடியில் காதுக்குக் கேட்காத வாசகங்கள் ஓடும், அவை ஆழ்மனதில் பதியும் என்பது விளம்பரம். ஆன்டனி கிரீன்வால்ட் குழு 1991-இல் இதைச் சோதித்தது. தன்மதிப்பை உயர்த்தும் நாடாக்களையும் நினைவாற்றலைக் கூட்டும் நாடாக்களையும் எடுத்து, சிலவற்றின் மேலிருந்த பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றி ஒட்டிக் கொடுத்தார்கள். கேட்டவர்கள் பலர், சீட்டில் என்ன எழுதியிருந்ததோ அது தங்களுக்குக் கூடியதாக நம்பினார்கள். அளந்து பார்த்தபோது உள்ளே இருந்த வாசகத்தால் எந்தப் பலனும் தெரியவில்லை. அலை ஓசை தூங்க உதவினால் அதை மட்டும் கேளுங்கள். அதற்கு இந்தப் பொருள் தேவையில்லை.

வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதைப் பிரபலமாக்கியவர் எமில் கூவே, பிரான்ஸ் நாட்டு மருந்தாளுநர், 1926-இல் மறைந்தவர். அவர் முறையில் காலையிலும் இரவிலும் 20 முடிச்சுப் போட்ட கயிற்றை விரலால் நகர்த்திக்கொண்டு, உதடு அசைய 20 முறை சொல்ல வேண்டும். அவர் கொடுத்த வாக்கியமும் பெரிதுதான். ஆனால் விழித்திருக்கும் மனிதர் தன் வாயால் சொல்வது அந்த முறை. இன்றைய தூக்கப் பதிவுகள் அதையும் நீக்கிவிட்டன.

இதற்கு மாற்று எளிது. போனில் உங்கள் குரலிலேயே 40 நொடி பதிவு செய்யுங்கள். பெயர் சொல்லி அழைத்து, மூன்று வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு மூச்சு இடைவெளி. கிளம்பும் முன் ஹெட்போனில் ஒரு முறை கேட்டால் போதும். வேகமாகப் பதிவு செய்வதுதான் வழக்கமான தவறு. பதற்றத்தோடு பேசிய குரல் பதற்றத்தையே திரும்பக் கொடுக்கும்.

குறிப்பேடு

நான்கில் அதிக நேரம் கொடுக்கத் தகுந்தது இது. ஆனால் குறிப்பேடு என்ற பெயரில் பக்கத்துக்கு ஒரு பொன்மொழியும் கீழே சில கோடுகளும் மட்டும் அச்சிட்டு விற்பவை உண்டு. அவற்றைத் தவிர்த்து, மூன்று பகுதிகள் இருக்கின்றனவா என்று புரட்டிப் பாருங்கள்.

முதலாவது, எண்ணத்தை ஆராயும் கட்டங்கள். நடந்தது என்ன, மனதில் ஓடியது என்ன, அதற்கு ஆதாரம் என்ன, எதிரான ஆதாரம் என்ன, இரண்டையும் பார்த்த பிறகு எழுதும் வாக்கியம் என்ன. மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் உருவாக்கத் தொடங்கிய சிகிச்சை முறையிலிருந்து வந்த அமைப்பு இது. ஐந்து கட்டமும் வேண்டும். "ஆதாரம்" என்ற கட்டத்தை விட்டுவிட்டு, எதிர்மறை எண்ணத்தின் பக்கத்திலேயே நேர்மறை எண்ணத்தை எழுதச் சொல்லும் குறிப்பேடுகளில் நம்பாத வாக்கியமே மறுபடி பிறக்கும். ஆதாரம் எழுதும்போது நடந்ததை மட்டும் எழுதுங்கள். "மேலாளர் என்னை வெறுக்கிறார்" ஆதாரம் அல்ல. "திங்கட்கிழமை அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லை" என்பது ஆதாரம்.

இரண்டாவது, மதிப்பீடுகளை, அதாவது வாழ்வில் நீங்கள் உயர்வாக மதிப்பவற்றைப் பற்றி எழுதும் பக்கம். குடும்பம், நேர்மை, கலை, நட்பு, கடவுள் நம்பிக்கை போன்ற பட்டியலில் உங்களுக்கு முதன்மையானதைத் தேர்ந்து, அது ஏன் முக்கியம், அதன்படி நடந்துகொண்ட தருணம் எது என்று 10 நிமிடம் எழுத வேண்டும். "நான் சிறந்தவன்" என்று எங்கும் எழுத வேண்டியதில்லை. உளவியலாளர் கிளாட் ஸ்டீல் 1988-இல் விரித்துச் சொன்ன கருத்தின் வழி வந்தது இது. டேவிட் கிரெஸ்வெல் குழு 2005-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படித் தங்கள் மதிப்பீடுகளை நினைத்துப் பார்த்தவர்களுக்கு, பிறகு கொடுத்த நெருக்கடியில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் மற்றவர்களுக்கு ஏறிய அளவு ஏறவில்லை. வேலை ஆபத்தில் இருக்கும்போது வேலையைப் பற்றியே எழுதாமல், அதற்கு வெளியே உறுதியாக நிற்கும் ஒன்றைப் பற்றி எழுதுவதே இதன் நுட்பம். நெருக்கடிக்கு முன் எழுத வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது, பெரும்பாலான குறிப்பேடுகளில் இல்லாதது: நெருக்கடியின் ஒவ்வொரு கட்டத்துக்கும் வாக்கியம் எழுதும் பக்கம். உளவியலாளர் டொனால்ட் மைக்கன்பாம் 1970-களில் வகுத்த பயிற்சியில் நெருக்கடியை நான்காகப் பிரிப்பார்கள். வருமுன், எதிர்கொள்ளும்போது, திணறும்போது, முடிந்தபின். ஒவ்வொன்றுக்கும் தனி வாக்கியம். குறிப்பேட்டில் அந்தப் பக்கம் இல்லாவிட்டால் வெற்றுத்தாளில் நீங்களே கோடு போடுங்கள். நேர்முகத்துக்குப் போகும் ஒருவரின் பக்கம் இப்படி இருக்கலாம்:

வருமுன்: "குமார், என்ன கேட்பார்கள் என்று உனக்குத் தெரியாது. நீ செய்த மூன்று வேலைகளைப் பற்றிச் சொல்ல உனக்குத் தெரியும். அந்த மூன்றை ஒரு தடவை சொல்லிப் பார்."

எதிர்கொள்ளும்போது: "கேள்வி முழுதாக முடியட்டும். ஒரு மூச்சு விடு. பிறகு பேசு."

திணறும்போது: "பதில் வரவில்லை. பரவாயில்லை, கேள்வியை உன் வார்த்தையில் திருப்பிக் கேள்."

முடிந்தபின்: "இரண்டாவது கேள்விக்கு நிதானமாகச் சொன்னாய். சம்பளம் பற்றிய கேள்விக்கு அடுத்த முறை பதில் எழுதி வைத்துக்கொள்."

திணறும் கட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். திணறலே வராது என்று எதிர்பார்த்துத் தயாரானவருக்கு, முதல் தடுமாற்றம் வந்ததும் எல்லாம் போய்விட்டதாகத் தோன்றும். "இந்த இடம் வரும், வந்தால் இதைச் செய்" என்று ஒரு வாக்கியம் கையில் இருந்தால், தடுமாற்றமும் திட்டத்தின் ஒரு பகுதி ஆகிவிடுகிறது. முடிந்தபின் எழுதும் வாக்கியத்திலும் பாராட்டு மட்டும் போதாது. நன்றாக நடந்த ஒன்று, மாற்ற வேண்டிய ஒன்று, இரண்டும் வேண்டும். அடுத்த முறைக்கான "வருமுன்" வாக்கியம் அங்கிருந்துதான் கிடைக்கும்.

இந்த நான்கையும் சாதாரண நாளில் பழக வேண்டும். வீட்டில் ஒருவரைக் கேள்வி கேட்கச் சொல்லி, அல்லது வேகமாக மாடிப்படி ஏறி மூச்சு வாங்கும்போது சொல்லிப் பாருங்கள். சாய்வு நாற்காலியில் மட்டும் பழகிய வாக்கியம் படபடப்பில் ஞாபகத்துக்கு வராது. கட்டத்துக்கு 12 சொல்லுக்குள் சுருக்கினால் இன்னும் எளிதாக வரும். மேலே உள்ளதில் முதல் பத்தியை மட்டும் அப்படிக் குறைக்கலாம், மற்ற மூன்றும் சரியான அளவு.

எங்கே இவை எதுவும் போதாது

வாக்கியம் சொல்லித் தீராத சிக்கல்கள் உண்டு. அலுவலகத்தில் ஒருவர் அவமானப்படுத்துகிறார் என்றால், தேவை புகாரும் ஆதரவும். அதைத் தாங்கிக்கொள்ள வாசகம் அல்ல. "கதவைப் பூட்டிவிட்டாய், சரியாக இருக்கிறது" என்று மறுபடி மறுபடி சொன்னால்தான் நகர முடிகிறது என்ற நிலை இருந்தால், அந்தச் சொல்லே எண்ணச் சுழற்சியின் பகுதியாகிவிடும். இந்த ஆப்கள் அதைக் கூட்டக்கூடும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலும், வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும், மனநல மருத்துவரிடம் உடனே போக வேண்டும். ஆப் விவரத்தில் சிகிச்சைக்கு மாற்று என்ற தொனி இருந்தால் அதை நிறுவாதீர்கள்.

சந்தாவைப் புதுப்பிக்கும் முன்

இலவசக் காலம் முடிந்ததும் பணம் தானாகவே எடுக்கப்படும் ஆப்கள் பல. நிறுவிய அன்றே முடியும் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாக நினைவூட்டல் வையுங்கள். ஆப்பை அழித்தால் மட்டும் சந்தா ரத்தாகாது, போனின் சந்தாப் பட்டியலுக்குப் போய்த் தனியே ரத்து செய்ய வேண்டும். நினைவூட்டல் வரும் நாளில் மூன்றைப் பாருங்கள். பதற்றம் வந்த சந்தர்ப்பங்களில் வாக்கியம் தானாக நினைவுக்கு வந்ததா? தவிர்த்துவந்த ஒரு காரியத்தையாவது செய்தீர்களா? முடிந்த பிறகு அதையே நினைத்துக் குமையும் நேரம் குறைந்ததா? மூன்றில் இரண்டுக்கு "ஆம்" என்றால் தொடருங்கள். இல்லை என்றால் முதலில் வாக்கியத்தை மாற்றி இன்னொரு இரண்டு வாரம் பாருங்கள். அதற்கு வேறு ஆப் வாங்கத் தேவையில்லை, இரவு நோட்டிஃபிகேஷன் வரும் நேரத்தில் மதிப்பெண் போட்டுத் திருத்தினால் போதும்.